மைக்கில் கரைந்த கட்டி

என் அண்ணன் மனைவியின் மார்பில் கட்டி இருக்கிறது என்று மைக் வைத்து ஊருக்குச் சொன்னவர் எங்கள் சபைச் செயலாளர்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அவர்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அறிவிப்பு நேரத்தில், பாடகர் குழுப் பயிற்சிக்கும் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வதற்கும் நடுவில் சொன்னார். "மார்பகக் கட்டிக்காக ஜெபிக்க வேண்டிய சகோதரிகள்" என்று ஆரம்பித்து, வீட்டுப் பெயரோடு வரிசையாக வாசித்தார். இரண்டாவது பெயர் என் மைனியுடையது.

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்தது என்றா நினைக்கிறீர்கள்? நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மைனி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

போன வாரம் இந்தப் பத்தியில் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையைப் பற்றி எழுதியதற்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பொம்பளை எழுதுகிற விஷயமா இது" என்று ஒருவர் திங்கள்சந்தையில் இருக்கும் என் ஹார்ட்வேர் கடைக்கே வந்து கேட்டார். கேட்டுவிட்டு, வந்ததற்கு ஒரு குழாய் வாஷரும் வாங்கிப் போனார். இந்த வாரம் விஷயம் மார்பு. பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பி ராசிபலன் படிக்கலாம்.

எழுதட்டுமா என்று மைனியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"எழுது. பேரு மட்டும் போடாத."

"பேரு ஊருக்கே தெரியுமே மைனி."

"ஊருக்குத் தெரியும். பேப்பர் வாங்குகவனுக்குத் தெரியாதுல்லா."

நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு என் அண்ணனைக் கட்டினாள், மைனி ஆனாள். முறைக்கு மைனி, பேச்சுக்கு நீ. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். இது முக்கியம், பிறகு வருகிறேன்.

விஷயம் ஒரு நல்ல திட்டத்தில் ஆரம்பித்தது. நாடு முழுக்க நடக்கிற மார்பகப் புற்றுநோய் பரிசோதனைத் திட்டம்தான். முப்பது வயது தாண்டிய பெண்களை டாக்டர் கையால் சோதித்துப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மேமோகிராம் எடுக்கச் சொல்வார். காசு கிடையாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம். திட்டத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஆனால் பெண்கள் வரமாட்டேன் என்கிறார்கள். இது சுகாதாரத் துறையின் நிரந்தரக் கவலை. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்... எல்லாவற்றுக்கும் மேலே, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிற அந்த ஒரு வாக்கியம். கூட்டம் சேர்க்க ஆள் வேண்டும். யாரைப் பிடிப்பது?

எங்கள் செயலாளரைப் பிடித்தார்கள். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் சேர்ப்பதில் அவரை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? கேம்ப்பைப் போட்டியாக்கிவிட்டார்.

எங்கள் சபையைக் கிழக்கு ஏரியா, மேற்கு ஏரியா, குளத்தங்கரை ஏரியா என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கிறிஸ்மஸ் கேரல் போவதற்கும் வேத வினாடி வினாவுக்கும் அந்தப் பிரிவு. ஏரியா மானம் என்று வந்துவிட்டால் எங்கள் ஜனம் சோறு தண்ணீர் பார்க்காது. எந்த ஏரியாப் பெண்கள் முழுசாகக் கேம்ப்புக்கு வருகிறார்களோ அந்த ஏரியாவுக்குப் பரிசு என்று அறிவித்தார். அவ்வளவுதான். அதுவரை சேலை முந்தானை விலகாமல் வாழ்ந்தவர்கள் எல்லாம் காலையிலேயே வந்து வரிசையில் நின்றார்கள். நடக்க முடியாத ஒரு பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஒருத்தி பிறந்த வீட்டு ஏரியாவுக்கு ஒரு தடவை, புகுந்த வீட்டு ஏரியாவுக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை சோதித்துக்கொண்டாள். டாக்டர் அம்மா பாவம், "இப்பத்தானே பார்த்தேன்" என்றார். "அது கெழக்கு, இது மேக்கு" என்று பதில் வந்தது.

ஞாயிறு பள்ளி அறையில்தான் சோதனை. மறைப்புக்குத் துணி போதவில்லை என்று கிறிஸ்மஸ் நாடகத் திரையை எடுத்துக் கட்டியிருந்தார்கள். பெத்லகேம் வானம், பெரிய நட்சத்திரம், ஓரத்தில் ஒரு ஒட்டகம். அந்த ஒட்டகத்துக்குப் பின்னால் போய்த்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் முதல் தடவையாக ஒரு டாக்டரிடம் மார்பைக் காட்டினார்கள். சிரித்துக்கொண்டேதான் போனார்கள். நானும் போனேன். சிரிப்போடு நடந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

சிலரை மட்டும் டாக்டர் அம்மா மறுபடி தொட்டுப் பார்த்தார். அவர்களுக்குச் சிரிப்பு நின்றது. மைனிக்கும் நின்றது. "பயப்படாதீங்க, ஆனா தள்ளிப் போடாதீங்க. ஒரு மேமோகிராம் எடுத்துருங்க" என்றார் டாக்டர்.

சரி, எடுத்துவிடலாம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வீடு வரும் வழியிலேயே பேசி முடித்தோம்.

கேம்ப் முடிந்து டீ குடிக்கும்போது செயலாளர் நர்சிடம் கேட்டிருக்கிறார். "யாருக்கெல்லாம் சந்தேகம் வந்திருக்கு சிஸ்டர், சொல்லுங்க. ஜெபத்துல வைக்கணும்." நர்சும் இந்த ஊர்ப் பிள்ளைதான். ஜெபம் என்று கேட்டால் இங்கே யார் மறுப்பார்கள்? சொல்லிவிட்டது. அவர் ஞாயிறன்று வாசித்துவிட்டார்.

இப்போது மஸ்கட்டுக்கு வருகிறேன். எங்கள் ஆராதனை யூடியூப்பில் நேரலையாகப் போகிறது. வளைகுடாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் பார்ப்பார்கள். அண்ணன் ரூமில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மனைவிக்கு மார்பில் கட்டி என்று அவள் சொல்லிக் கேட்கவில்லை. செயலாளர் சொல்லிக் கேட்டான். கூட இருந்த ரூம்காரர்களும் கேட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் போன் செய்தவன், "நான் இத யூடியூப்ல கேட்டுத்தான் தெரியணுமா?" என்றானாம்.

மறுநாளில் இருந்து வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். சோதனையே இன்னும் முடியவில்லை, அதற்குள் நோயாளி பார்க்கும் படலம். ஒரு அம்மா வாசலிலேயே அழுதுகொண்டு வந்தார். ஒருவர் தன் சொந்தக்காரிக்கு இதே மாதிரி வந்து அவள் எப்படிச் செத்தாள் என்று விவரமாகச் சொல்லி, "நீ பயப்படாத பிள்ளே" என்று முடித்தார். மைனி எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை பெண்கள் சங்கம் வந்தது. தலைவி லீலா அக்கா. நல்ல மனுஷி, கல்யாணம் காட்சி என்றால் முதலில் வந்து தேங்காய் துருவ உட்கார்கிறவர். மைனியை நடுவில் உட்கார வைத்து, தலையில் கை வைத்து, கண்ணீரோடு ஜெபித்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில் கண் மூடித்தான் இருந்தேன். பிரச்சினை 'ஆமென்' சொன்ன பிறகு வந்தது.

"உள்ள போய் தொட்டுப் பாரு மக்கா" என்றார் லீலா அக்கா. "கொறஞ்சிருக்கும்."

மைனி அறைக்குள் போனாள். வெளியே அத்தனை பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனவள் திரும்பி வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "சின்னதாயிட்டு போல இருக்கு" என்றாள்.

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வீடு அதிர்ந்தது. 'போல இருக்கு' என்பது வாசலைத் தாண்டும்போதே காணாமல் போய்விட்டது. தெருமுனையில் 'சின்னதாயிட்டு'. குளத்தங்கரையில் 'பாதி கரைஞ்சிட்டு'. சனிக்கிழமை என் கடைக்குப் பெயின்ட் வாங்க வந்தவர், "ஒங்க மைனிக்கு முழுசா கரைஞ்சிட்டாமே" என்றார். எங்கள் ஊரில் சிமென்ட் இறுகுவதற்கு ஆகிற நேரம்கூட அந்தக் கட்டி கரைவதற்கு ஆகவில்லை.

ஞாயிறு. அறிவிப்பு நேரம். செயலாளர் மைனியைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், சாட்சி என்றால் கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் எழுந்து சொல்வது. எழுந்திருக்காமல் இருக்க முடியுமா? பின்பெஞ்சில் இருந்து இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கியே விட்டார்கள். மைக் முன்னால் போய், "எனக்காக ஜெபிச்ச எல்லாருக்கும் நன்றி" என்றாள். மிச்சத்தைச் செயலாளர் சொன்னார். கட்டி இருந்த இடம் தெரியவில்லை என்றார். அவர் எப்போது பார்த்தார்?

கைத்தட்டல். அந்த வேகத்தில் வரிசையில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள், ஒருத்தியைத் தவிர. யூடியூப்பில் இதயப் படங்கள். மஸ்கட்டில் என் அண்ணன் ரூமில் பிரியாணி.

மத்தியானம் மைனி வீட்டுக்குப் போனேன். சாளை மீனை உரசிக்கொண்டிருந்தாள்.

"கட்டி போச்சா?"

நிமிரவில்லை. "இருக்கு."

"அப்படியேவா?"

"அப்படியே இருக்கு."

"பின்ன என்னத்துக்குட்டி சின்னதாயிட்டுன்னு சொன்ன?"

"அவ்வளவு பேரும் கதவப் பாத்துக்கிட்டு நிக்காவ. ஒருத்திக்கு முட்டு வலி, நிக்க ஏலாது. டீ வேற ஆறிக்கிட்டு இருக்கு. நான் என்னத்த சொல்லுகது?"

இதுதான் கதை. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிய உண்மையை, வந்தவர்களுக்கு டீ ஆறிவிடும் என்பதற்காக மாற்றிச் சொன்னாள். நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். நீங்களும்தான்.

"நாளைக்கே போவோம், மேமோகிராம் எடுப்போம்" என்றேன்.

"எப்படிப் போவ? கட்டி கரைஞ்சிட்டுன்னு சாட்சி சொன்னவ ஆஸ்பத்திரிக்குப் போனா, விசுவாசம் இல்லாதவன்னு சொல்லமாட்டாவளா? பொய் சாட்சி சொன்னவன்னு சொல்லமாட்டாவளா?"

அவள் பயம் புரிகிறதா? கட்டியைப் பற்றி அல்ல. அது மைக்கைப் பற்றிய பயம்.

ஆகவே நாங்கள் திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போனோம்.

அப்படித்தான் ஊரில் சொன்னோம். துண்டு, மாற்றுத்துணி, தலைக்கு எண்ணெய் எல்லாம் பையில் வைத்து, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று துண்டு வெளியே தெரிகிற மாதிரி எடுத்துக்கொண்டோம். பஸ் ஸ்டாப்பில் லீலா அக்கா.

"எங்கட்டி, ரெண்டு பேரும்?"

"திற்பரப்புக்கு. குளிக்க."

"இந்த வயசிலயா?"

"அருவி என்ன வயசு கேட்டா விழுது அக்கா?"

"அப்ப நில்லு, நானும் துண்டு எடுத்துக்கிட்டு வாறேன்."

மைனி முகம் வெளுத்துவிட்டது. நான் சொன்னேன், "பஸ்ஸில நின்னுதான் போவணும். அங்க படி வழுக்கும். ஒங்க முட்டு தாங்காதுக்கா." அக்கா தன் முட்டைத் தடவிக்கொண்டு யோசித்தார். அந்த முட்டு வலிக்கு நான் நன்றி சொன்னதை ஜெபம் என்று எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் பார்க்க, அருவிப் பக்கம் போகிற குலசேகரம் பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் தக்கலையில் இறங்கினோம். எதிர்ப்பக்கம் போய் நாகர்கோவில் பஸ் பிடித்தோம். காதலித்து ஓடிப்போகிறவர்கள்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போயிருக்கமாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிற பெண் எங்கள் பையைப் பார்த்தாள். "துண்டு, எண்ணெய் எல்லாம் எதுக்கும்மா? அட்மிஷனா?"

"இல்ல மக்கா, அருவிக்குப் போறோம்" என்றாள் மைனி. அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சீட்டை எழுதித் தந்தாள்.

காத்திருக்கும் இடத்தில் ஓரமாக ஒரு பெண். முழுப் பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை. மேமோகிராம் எடுக்க இப்படி யார் வருவார்கள் என்று பார்த்தால்... எங்கள் சபை. ஒட்டகத்துக்குப் பின்னால் போய், சிரிப்பு நின்று வெளியே வந்தவர்களில் ஒருத்தி.

யாரென்று சொல்லமாட்டேன். சேலையையும் மாற்றிச் சொல்லியிருக்கிறேன், ஊரையும் மாற்றிச் சொல்கிறேன், தேட வேண்டாம். தன்னோடு வேலை பார்த்தவள் மகளுக்குச் சுசீந்திரத்தில் கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"நீங்க எங்க போறதா சொன்னிய?" என்று எங்களைக் கேட்டாள்.

"திற்பரப்பு."

"நான் கல்யாணம். நெய்ச்சோறு சாப்பிடணும் இப்ப." சிரிக்க ஆரம்பித்தாள். மைனிக்கும் வந்துவிட்டது. கேம்ப்புக்குப் பிறகு மைனி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தம் கேட்டு நர்ஸ் வந்து அதட்டினாள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "நான் சாட்சி சொல்லல்ல. அதனால எனக்கு விசுவாசம் பத்தாதுன்னு பேசுகாவ. மத்தவளுவ எல்லாம் கரைஞ்சிட்டுன்னு சொல்லிட்டாளுவ. இனி அவளுவ எப்படி இங்க வருவாளுவ?"

நான் அதுவரை மைனியை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வரிசையில் மற்ற பெயர்களும் இருந்தன அல்லவா? அவர்கள் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். கட்டியோடும் சாட்சியோடும்.

படம் எடுத்தார்கள். பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். வெளியே வந்த மைனி சொன்னது இதுதான்: "தலை நனையாம எப்படி ஊருக்குப் போவ?"

நான் யோசிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக் குழாயடிக்குப் போனோம். துண்டை நனைத்துப் பிழிந்தோம். தலையைக் குழாய்க்குக் கீழே காட்டினோம். பட்டுச்சேலைக்காரி பக்கத்தில் நின்று தண்ணீர் படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பின்பக்கம் நனையல்ல, பின்பக்கம் நனையல்ல" என்று சொல்லித் தந்தாள். பிறகு அவள் வடசேரிச் சந்தைக்குப் போனாள். கல்யாண வீட்டில் கொடுத்த தேங்காய் எங்கே என்று மாமியார் கேட்பாராம்.

உலகத்தில் எத்தனையோ நாட்டில் பெண்கள் பரிசோதனைக்குப் போகிறார்கள். போனதை மறைக்க ஆஸ்பத்திரிக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மற்ற சாதி, மற்ற மதத்து வாசகர்கள் இங்கே வந்து சிரிக்க வேண்டாம். உங்கள் ஊரில் சாட்சி இல்லை, அவ்வளவுதான். கோயில் கொடைத் திருவிழா முடியட்டும், அறுப்பு முடியட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும், மாமியாருக்குத் திவசம் முடியட்டும்... எல்லாம் முடிந்த பிறகு போகலாம் என்று கட்டியைக் காத்திருக்க வைப்பீர்கள். கட்டிக்குக் காலண்டர் தெரியுமா?

ரிசல்ட் வந்தது. இருக்கிறது. ஆரம்பம்தான். "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா, ஆபரேஷன் பண்ணி, மருந்து எடுத்தா நல்லா இருப்பீங்க" என்றார் டாக்டர். மைனி தலையாட்டினாள். அன்றைக்கே அவள் போனில் சொன்னாள், அண்ணன் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டான்.

அதே வாரம் எங்கள் சபைக்கு ஷீல்டு வந்தது. முழுப் பங்கேற்புக்காக. சுகாதாரத் துறையில் இருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து கொடுத்தார். பெண்களின் மார்பகப் பரிசோதனைக்கான ஷீல்டை மேடையில் இருந்த ஆண்கள் சேர்ந்து பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பொன்னாடை, டீ, வடை. "இந்தத் திட்டத்தின் செயல்பாட்டுக்கு இந்தச் சபை ஒரு முன்மாதிரி" என்று அதிகாரி பேசினார். வடை சாப்பிடுகிறபோது அவரைப் பிடித்தேன்.

"சார், மேல பரிசோதனைக்குப் போகச் சொன்னவங்க போனாங்களா?"

"அது ஃபாலோ-அப் மேடம். இது பார்ட்டிசிபேஷனுக்கான ஷீல்டு."

"ஃபாலோ-அப்புக்கு எப்போ ஷீல்டு?"

"அதுக்கு ஷீல்டு இல்ல மேடம்."

ஒளிவு மறைவில்லாமல் சொன்னார் பாருங்கள். அதற்காக அவரை மதிக்கிறேன். வந்தவர்களை எண்ணுவார்கள். வந்தவர்கள் பிழைத்தார்களா என்று எண்ணுவதற்கு ஷீல்டு செய்யவில்லை.

ஷீல்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்த செயலாளரிடம் போனோம், நானும் மைனியும். ரிசல்ட்டைச் சொன்னோம். அவர் கண் கலங்கிவிட்டது. நிஜமான கண்ணீர். அவர் நல்லவர், அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் இந்தப் பத்தி பாதியில் முடிந்திருக்கும்.

மைனி கேட்டாள், "அண்ணே, வாற ஞாயிறு எனக்கு மைக் தருவியளா? கட்டி கரையல்லன்னு சொல்லணும். மத்தவிய டெஸ்டுக்குப் போவட்டும்னு சொல்லணும்."

நான் அசந்து போனேன். மைக் என்றாலே நடுங்கியவள்.

செயலாளர் அலமாரிக் கண்ணாடியைத் துடைத்தார். "அது இப்ப வேண்டாம் மக்கா. சாட்சிய திரும்ப எடுத்தா ஜனங்களுக்க விசுவாசம் என்ன ஆவும்? யூடியூப்ல வேற போவுது. கமிட்டியில வச்சுப் பேசுவோம்."

"அதுக்குள்ள மத்தவளுக்கு முத்திப் போனா?"

"ஜெபிப்போம்."

நான் சொன்னேன், "நமக்கு ஜெபிக்கச் சொல்லித் தந்த வெள்ளைக்கார மிஷனரிமாரு, ஜெபம் மட்டும் போதும்னு நெனச்சிருந்தா நெய்யூர்ல ஆஸ்பத்திரி எதுக்கு அண்ணே கெட்டினாவ? அந்தக் காலத்துல கல்லுக்கும் மரத்துக்கும் பட்ட பாட்டுக்கு, இன்னொரு கோயிலக் கெட்டிட்டுப் போயிருக்கலாம்லா?"

"செல்வி, நீ சபைக்க காரியத்த பேப்பர்ல எழுதப்படாது."

"எங்க வீட்டுக் காரியத்த மட்டும் நீங்க மைக்ல வாசிக்கலாமா?"

"அது ஜெப விண்ணப்பம்."

"இதையும் அப்படியே வச்சுக்கிடுங்க."

வெளியே வந்ததும்தான் மைனி "எழுது" என்றாள். மைக் தரவில்லை அல்லவா? கட்டி கரைந்தது என்று சொல்ல மைக் உண்டு. கரையவில்லை என்று சொல்வதற்குக் கமிட்டி கூடியாக வேண்டும்.

அடுத்த வாரம் ஆபரேஷன். இந்த முறை திற்பரப்பு இல்லை. வாசலிலேயே கார் வரும், எல்லோரும் பார்க்கவே ஏறுவாள். லீலா அக்காவிடம் நேரில் போய் அவளே சொல்லிவிட்டாள். அக்கா, "ஆஸ்பத்திரியில ராத்திரி தொணைக்கு நான் இருக்கேன்" என்றாராம். முட்டு வலியோடு. சொன்னேனே, நல்ல மனுஷி.

ஆக, மைனிக்கு வழி பிறந்துவிட்டது. பட்டுச்சேலைக்காரிக்கும் ரிசல்ட் வந்துவிட்டது, ஒன்றும் இல்லை, வெறும் கொழுப்புக் கட்டி. மற்றவர்கள்? அவர்கள் பெயரை வாசித்தவர் நீங்கள், செயலாளர் அவர்களே. அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி நான் கேட்க முடியாது. கேட்டால் நானும் உங்களைப் போல் ஆகிவிடுவேன்.

ஆகவே, வருகிற ஞாயிறு காலை ஆராதனை. அதே அறிவிப்பு நேரம். அதே மைக். யூடியூப்பும் ஓடட்டும். என் அண்ணன் இந்த முறை மஸ்கட்டில் இருந்து பார்க்கமாட்டான், மைனிக்குப் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு நீங்கள் வாசித்த பெண்கள் எல்லோரும் பரிசோதனைக்குப் போனார்களா, இல்லையா? சபைக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம். இந்தத் தடவை பெயர் மட்டும் வேண்டாம்.